தேயிலைக்குள் ஏழு பிள்ளைகள்

எனெலேசிக்கு எதைக் கண்டாலும் பயம். இடி இடித்தால் பயம், நாய் குரைத்தால் பயம், முலாஞ்சே மலைமேல் மேகம் இறங்கி உட்கார்ந்தால் அதற்கும் பயம். கல்யாணமான புதிதில் கோழிக்கூண்டைத் திறக்கக்கூடப் புருஷனைக் கூப்பிடுவாள். உள்ளே பாம்பு இருந்தால் என்ன செய்வது என்பாள். கல்யாணமானால் ஆண்தான் பெண்ணின் ஊருக்குப் போவது அந்தப் பக்கத்து வழக்கம்; அப்படி அவள் ஊருக்கு வந்து குடியேறிய புருஷன் வைசன், தேயிலைத் தோட்டத்து லாரியில் மூட்டை ஏற்றுகிறவன். "உன்னைக் கட்டினதுக்கு ஒரு முயலைக் கட்டியிருக்கலாம், அதுவாவது எப்பவாச்சும் வளையை விட்டு வெளியே வரும்" என்று சிரிப்பான். ஒரு நாள் நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை. பிள்ளையும் இல்லை.

அதன் பிறகு அந்த வீட்டில் அவளால் தனியாகப் படுக்க முடியவில்லை. கூரைப் புல்லில் எலி ஓடினால் யாரோ நடக்கிற மாதிரி இருக்கும். அந்த வருஷங்களில் ஊரில் சாவு ஒரு வீட்டையும் விடவில்லை. நோயின் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள். "மெலிஞ்சுகிட்டே வந்தா, போயிட்டா" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். எனெலேசியின் தங்கை அப்படித்தான் போனாள். அவள் விட்டுப் போன இரண்டு பிள்ளைகளை எனெலேசி கொண்டுவந்து தன் பாயில் இரண்டு பக்கமும் படுக்கவைத்தாள். வைசன் போன பிறகு அன்றுதான் அவள் விடியும்வரை தூங்கினாள். பிறகு லோஃபினா என்கிற தோட்டக் கூலிக்காரி இறந்து, அவள் மகள் தமாண்டா வந்தாள். பிறகு இன்னும் சிலர். கடைசியாக, பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்ட யாங்கோ என்கிற கைக்குழந்தை. மொத்தம் ஏழு பேர்.

ஊர் அவளைப் பெரிய மனசுக்காரி என்றது. பக்கத்து வீட்டு மலீட்டாவுக்குத்தான் விஷயம் தெரியும்.

"தனியாப் படுக்கப் பயந்துக்கிட்டு ஊர்ப் பிள்ளையெல்லாம் சேர்த்து வச்சிருக்கே. இதுக்குப் பேரு தர்மமாக்கா?"

"சத்தமாப் பேசாதே மலீட்டா. பிள்ளைங்க காதுல விழப்போகுது."

அவள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஒன்று வைத்ததும் பயத்தினால்தான். ஊர்ப் பள்ளி ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது. மழைக்காலத்தில் பிள்ளைகள் ஒற்றை மரத்துண்டின்மேல் நடந்து ஓடையைக் கடக்கவேண்டும். சின்னதுகளை அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. தான் படித்த எட்டாம் வகுப்பை வைத்துக்கொண்டு, மாமரத்தடியில் பலகையைச் சாய்த்து, அடுப்புக்கரியால் எழுதிச் சொல்லிக் கொடுத்தாள். மற்ற வீட்டுக் குழந்தைகளும் வர ஆரம்பித்தார்கள். சர்ச்சுச் சபைக்காரர்கள் மூங்கில் தட்டி வைத்துப் புல் வேய்ந்து ஒரு கொட்டகை போட்டுத் தந்தார்கள். காலையில் கஞ்சி காய்ச்ச மக்காச்சோளமும் சோயாவும் கலந்த மாவு மூட்டையும் வந்தது. பெற்றவர்கள் இருக்கிற பிள்ளைகளும் கிண்ணத்தோடு வந்து நிற்கும். அவள் யாரையும் போ என்று சொன்னதில்லை.

அந்த வருஷம் அக்டோபர் வெயில் மண்ணைப் பிளந்துகொண்டிருந்தது. குதிர்கள் காலி. மழைக்கு இன்னும் நாள் இருந்தது. ஆற்றுக்கு அக்கரையிலிருந்து அந்தப் பேச்சு வந்து சேர்ந்தது. மனுஷ இரத்தம் எடுக்கிறவர்கள் கிளம்பியிருக்கிறார்களாம். முகத்தில் எதையோ தெளிப்பார்களாம், ஆள் மயங்கிவிடுவானாம், ஊசி குத்தி உறிஞ்சிக்கொண்டு போய் வெளியூரில் விற்பார்களாம். கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஆனால் ஆளுக்கு ஒரு சித்தப்பா பார்த்திருந்தார். ஆண்கள் விசிலும் கத்தியுமாகக் காவல் சுற்றினார்கள். தெரியாத முகம் ஒன்று சாலையில் தெரிந்தால் போதும், விசில் ஊதும். பக்கத்துக் கிராமத்தில் பழைய துணி விற்க வந்த ஒருவனை அடித்தே கொன்றுவிட்டார்கள் என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். மறுவாரம் சந்தையே கூடவில்லை.

எனெலேசிக்கும் அந்தப் பேச்சில் பாதி நம்பிக்கை இருந்தது. பிள்ளைகளைச் சூரியன் சாய்வதற்கு முன்பே உள்ளே விட்டுக் கதவுக்கு உரலை முட்டுக் கொடுத்தாள். ஆனால் அந்தப் பேச்சு தன் பக்கமே திரும்பும் என்று அவள் நினைக்கவில்லை.

போன மாதம் சுகாதார ஊழியன் டெம்வா வந்திருந்தான். நாட்டின் வடக்குப் பக்கத்துப் பையன், மோட்டார் சைக்கிளில் வருவான். மலேரியா இருக்கிறதா பார்க்கவேண்டும் என்று கஞ்சிக்கு வந்த பிள்ளைகளை எல்லாம் மாமரத்தடியில் வரிசையாக நிற்க வைத்து, விரலில் குத்தி ஆளுக்கு ஒரு சொட்டு இரத்தம் எடுத்தான். எனெலேசிதான் ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பிடித்துக்கொண்டாள். பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டே பிடித்திருந்தாள்.

ஒரு காலை அடிபம்பில் தண்ணீருக்கு நின்றபோது ஃபனேசி என்கிறவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே கேட்டாள்.

"என்ன எனெலேசி, ஊரே வத்திக் கிடக்கு. உன் பிள்ளைங்க மட்டும் பளபளன்னு இருக்குதுங்க?"

"காலையில கஞ்சி குடிக்குதுங்கள்ல அக்கா. உங்க சின்னவனுந்தானே வந்து குடிக்கிறான்."

"அதான் இனிமே அனுப்புறதில்லைன்னு இருக்கேன். கஞ்சி குடிச்சாத்தானே இரத்தம் ஊறும். ஊறினாத்தானே எடுக்கலாம்."

எனெலேசி சிரிக்கப் பார்த்தாள். சுற்றி நின்ற யாரும் சிரிக்கவில்லை. அவள் முறை வந்தபோது பம்புக்கட்டையை விட்டு எல்லாரும் ஒதுங்கிக்கொண்டார்கள். அவளே அடித்து, அவளே பிடித்து, பாதிக் குடத்தோடு வீடு வந்தாள்.

மறுநாளிலிருந்து கொட்டகைக்கு வருகிற கூட்டம் குறைந்தது. அந்த வாரம் முடிவதற்குள் அவளுடைய ஏழு பேரைத் தவிர யாரும் இல்லை. ஊர்த் தலைவியிடம் போய் நின்றாள். தலைவி அவளை உள்ளே கூப்பிடாமல் வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே பேசினாள்.

"எனக்குத் தெரியும் தாயி, நீ அப்படிப்பட்டவ இல்லை. ஆனா என் பேச்சை இப்ப யாரு கேக்குறா? போன தடவை கூட்டத்துல நான் வாயைத் திறந்ததுக்கு, தலைவிக்கும் பங்கு வருதான்னு ஒருத்தன் கேட்டான். நீ வெளியே தலை காட்டாம இரு. போ, உன்னை இங்க பார்த்தா என் கூரைக்கும் ஆபத்து."

தலைவியின் கை வேலிக்குச்சியைப் பிடித்திருந்தது. எனெலேசி சாலைக்குத் திரும்புகிறவரை அவள் அதை விடவில்லை.

லைட்டோனி என்பவன் வாடகைக்குச் சைக்கிள் ஓட்டுகிறவன். பின்னால் ஆளை உட்காரவைத்துத் தார்ச்சாலை வரைக்கும் மிதிப்பான். முரடன் என்று சொல்லமுடியாது. அவனுக்கு ஒரே மகள், ஆறு வயசு. அவளும் கஞ்சிக்கு வந்தவள்தான். அந்தப் பெண்ணுக்குத் திடீரென்று காய்ச்சல் கண்டு, பிதற்ற ஆரம்பித்து, கண் மேலே சொருகிவிட்டது. டெம்வாவைத் தேடினால் அவன் இல்லை. வழியில் கல்லெறிந்து துரத்தியிருந்தார்கள், அவன் மோட்டார் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப்போய்விட்டான். மருந்தறை பூட்டிக் கிடந்தது. லைட்டோனி மகளின் கையைத் தடவிப் பார்த்திருக்கிறான். விரல் நுனியில் ஒரு சின்னப் புள்ளி. ஊசி குத்தின இடம் அதுதான் என்று முடிவு கட்டிவிட்டான்.

அன்று மதியம் எனெலேசி துவரை வேகவைத்துக்கொண்டிருந்தாள். மலீட்டா காய்ந்த சோளத்தட்டைகளை மிதித்துக்கொண்டு ஓடிவந்தாள். தலைத்துணி எங்கேயோ விழுந்திருந்தது.

"அக்கா, எந்திரி. லைட்டோனி ஆளு திரட்டிட்டான். சர்ச்சு கிட்ட நிக்கிறாங்க. ஒருத்தன் கையில பெட்ரோல் இருக்கு."

"நான் என்ன பண்ணினேன் மலீட்டா?"

"நீ என்ன பண்ணினேன்னு கேக்கவா வர்றாங்க? எந்திரிக்கா!"

"ஓடினா நான்தான் செஞ்சேன்னு ஆயிடாதா? உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிறேன். பிள்ளைங்க இருக்குன்னு தெரிஞ்சா..."

"புல்லுக் கூரைக்கா. உள்ளே ஏழு பிள்ளை."

எனெலேசி கூரையைப் பார்த்தாள். மழை கண்டு எத்தனையோ மாதமான புல். யாங்கோவை முதுகில் போட்டுத் துணியால் இறுக்கிக் கட்டினாள். "தமாண்டா, சின்னதுங்க கையைப் பிடி. யாரும் அழக்கூடாது, யாரும் பேசக்கூடாது." மலீட்டாவையும் வா என்று இழுத்தாள்.

"நான் வந்தா என் வீடும் போயிடும்க்கா. அவங்க கேட்டா அக்கா ஆத்துப் பக்கம் போச்சுன்னு சொல்றேன். நீ தோட்டத்துப் பக்கம் போ."

துவரை அடுப்பிலேயே கொதித்துக்கொண்டிருந்தது.

தோட்டத்தின் எல்லைக் குழி அகலமானது. பெரியதுகள் தாண்டின. சின்னதுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுத்துவிட்டு அவள் இறங்கி ஏறும்போது முதல் விசில் கேட்டது. பிறகு ஒன்றல்ல, பல. தேயிலைச் செடி இடுப்புக்கு மேல் வராது. நடந்தால் தலை தெரியும். "படுங்க" என்றாள். செடிகளுக்கு நடுவில், வேர்ப்பக்கம், மண்ணோடு மண்ணாகப் படுத்துத் தவழ்ந்தார்கள். கீழே இருந்த பழைய வெட்டுக்குச்சிகள் முழங்காலைக் கிழித்தன. ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. அதுவே அவளைப் பயமுறுத்தியது. அழவேண்டிய வயசுப் பிள்ளைகள் இப்படி ஊமையாக ஊர்ந்துவருவது.

எல்லைக் குழிக்கு அந்தப் பக்கச் சாலையில் காலடிச் சத்தம் கேட்டதும் அசையாமல் கிடந்தார்கள். பேச்சுக் குரல் தெளிவாகக் கேட்டது.

"ஆத்துப் பக்கம் போனாளாம்."

"மலீட்டா சொல்றதை நம்புறியா? ரெண்டும் ஒட்டுப்புல்லு மாதிரி ஒட்டிக்கிட்டே திரியுறதுங்க."

நான்கு வயசு பிலிரானி அவள் பக்கத்தில் கிடந்தான். புழுதி அவன் தொண்டையில் ஏறியிருந்தது. அவன் நெஞ்சு ஒரு குலுக்குக் குலுக்கியதும் இருமப்போகிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளங்கையால் அவன் வாயைப் பொத்தினாள். மூக்கையும் சேர்த்துப் பொத்தியிருக்கிறாள், அது அவளுக்குத் தெரியவில்லை. பையன் துள்ளினான். அவள் இன்னும் அழுத்தினாள். சாலையில் நின்றவர்கள் பீடி பற்றவைத்தார்கள். போகவேயில்லை. பையன் துள்ளுவது நின்றுபோயிற்று.

காலடிகள் நகர்ந்த பிறகு கையை எடுத்தாள். பிலிரானியின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உதடு நிறம் மாறியிருந்தது. "கடவுளே, நானே கொன்னுட்டேன்" என்று அவளுக்குள் ஒரு குரல் கேட்டது. கன்னத்தில் தட்டினாள், நெஞ்சைத் தேய்த்தாள், வாயில் ஊதினாள். அந்த நேரத்தில் அவளுக்குக் கூட்டமும் நினைவில்லை, பெட்ரோலும் நினைவில்லை. திரும்பவும் ஊதினாள். பையன் ஒரு இழுப்பு இழுத்து மூச்சு விட்டான், கண்ணைத் திறந்தான், அவள் கையை ஓங்கிக் கடித்தான். இரத்தம் வந்தது. அவள் அந்தக் கையைப் பிடுங்கிக்கொள்ளவில்லை.

அவள் ஊர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தபோது மாமரத்துக்கு மேல் புகை எழும்பியிருந்தது. முதலில் மெல்லிசாக, பிறகு கறுப்பாக.

தோட்டத்தின் மேட்டுப் பக்கம் நகர்ந்துகொண்டே போனார்கள். தோட்டத்து மருத்துவமனையில் வாட்ச்மேன் இருப்பான், அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் போதும் என்று அவள் நினைத்தாள். அதற்குள் வழியில் ஆட்கள் எதிர்ப்பட்டார்கள். களைக்கொத்தும் கையுமாக இருபது பெண்கள் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தார்கள். தவழ்ந்து வந்தவள் அவர்கள் காலடியிலேயே வந்து தலையைத் தூக்கினாள்.

அவர்கள் பார்த்தது என்ன? வெளியூர்க்காரி ஒருத்தி. உடம்பெல்லாம் புழுதி. கையில் இரத்தம். பின்னால் ஒன்றுக்கொன்று ஜாடை பொருந்தாத பிள்ளைகள், வாயைத் திறக்காமல், கண்ணை விரித்துக்கொண்டு.

"யாருடி நீ?"

எனெலேசி பிலிரானியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"யாரு பிள்ளைங்க இதெல்லாம்? எங்கேருந்து ஓட்டிக்கிட்டு வர்றே?"

"என்... என் பிள்ளைங்க."

"ஏழும் நீ பெத்ததா? முதுகுல இருக்கிறதைப் பாரு, இதுகளைப் பாரு. எந்த ஊருல இப்படிப் பிறக்கும்?" என்று ஒருத்தி கொத்தின் கம்பை நீட்டி வழியை அடைத்தாள். மற்றவர்கள் சுற்றி வளைத்துவிட்டார்கள். இளவயசுக்காரி ஒருத்தி கழுத்தில் விசில் தொங்கியது. அதை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஊதாதே. பிள்ளைங்களையே கேட்போம். இந்தா பையா, உங்க அம்மா பேரு என்ன?"

பிலிரானி சொன்னான். அது எனெலேசியின் பெயர் இல்லை. அடுத்தவள் இன்னொரு பெயர் சொன்னாள். அதற்கடுத்தது இன்னொன்று. எனெலேசியின் எழுத்துப் பாடமே அப்படித்தான் ஆரம்பிக்கும். கரியை எடுத்ததும் பிள்ளை முதலில் எழுதிப் பழகவேண்டியது தன்னைப் பெற்றவள் பெயர். செத்தவர்களை மறந்துவிட்டால் அவர்கள் கோபித்துக்கொள்வார்களோ என்று அவளுக்கு ஒரு பயம். அந்தப் பயமே இப்போது கழுத்தைப் பிடித்தது. சின்னதுகளுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. கேட்டதும் பாடம் ஒப்பிப்பதுபோலப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனதுகள்.

"கேட்டியா? ஆளுக்கு ஒரு அம்மா. பிள்ளை பிடிச்சுக்கிட்டுப் போறா. ஊதுடி!"

"லோஃபினா" என்றாள் தமாண்டா. அவளை யாரும் இன்னும் கேட்கவில்லை. பன்னிரண்டு வயசுப் பெண், குரல் உடைந்து வந்தது. "எங்கம்மா பேரு லோஃபினா. இந்தத் தோட்டத்துலதான் கொழுந்து எடுத்தாங்க. செத்துட்டாங்க. இவங்க எல்லாரோட அம்மாவும் செத்துட்டாங்க. இவங்கதான் எங்களுக்குச் சோறு போடுறாங்க."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருத்தி முன்னால் வந்தாள். நங்கோமா என்று பெயர், முன்பற்கள் இரண்டு இல்லாதவள். தமாண்டாவின் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"எந்த லோஃபினா? ஒரு காது மடல் கிழிஞ்சிருக்கும், அவளா?"

"ஆமா. தோடு மாட்டி இழுத்துக் கிழிஞ்சது. நான் குழந்தையா இருக்கும்போது இழுத்தேனாம்."

நங்கோமா திரும்பி, விசில் வைத்திருந்தவளின் வாயிலிருந்து அதைப் பிடுங்கினாள்.

"என் பக்கத்து வரிசையில கொழுந்து எடுத்தவடி அவ. அவ பொண்ணு இது. அப்படியே உரிச்சு வச்சிருக்கு." எனெலேசியிடம் குனிந்தாள். "உன் பேரு என்ன தாயி? எனெலேசியா? லோஃபினா படுத்தப்போ எனெலேசின்னு ஒருத்தி கஞ்சி கொண்டுவந்து குடுக்குறான்னு சொன்னா. நீதானா அது?"

எனெலேசி தலையை ஆட்டினாள். பெண்கள் களைக்கொத்தைக் கீழே போட்டார்கள். ஆனால் வளையம் உடனே கலையவில்லை. "எதுக்கும் ஜாக்கிரதையா இருக்கணும்" என்று ஒருத்தி முணுமுணுத்தாள். நங்கோமா ஒரு பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். அவர்கள் மருத்துவமனை வாசலை அடைகிறவரை அந்தப் பெண்கள் இரண்டு பக்கமும் வந்தார்கள். காவலுக்கு வந்தார்களா, கண்காணிக்க வந்தார்களா என்று எனெலேசிக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

முதல் மழை விழுகிற வரைக்கும் தோட்டத்துச் சாமான் கிடங்கில் உரச்சாக்குகளுக்கு நடுவில் படுத்திருந்தார்கள். போலீஸ் வந்து ஊர் ஊராக ஆட்களைப் பிடித்துப் போனது. மழை வந்ததும் எல்லாரும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனார்கள். அந்தப் பேச்சு எப்படி வந்ததோ அப்படியே போய்விட்டது.

மலீட்டா வந்து கூட்டிக்கொண்டு போனாள். கொட்டகை கரிக்கட்டையாகக் கிடந்தது. வீட்டுக்கூரை பாதி எரிந்து, மழை உள்ளே இறங்கியிருந்தது. அடிபம்பில் ஃபனேசி, "வந்துட்டியா? பிள்ளைங்க நல்லாருக்கா?" என்று நேற்றுப் பார்த்தவளைக் கேட்பதுபோலக் கேட்டாள். நடந்ததைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிலர் புல்லுக்கட்டு கொண்டுவந்து போட்டார்கள்.

லைட்டோனியின் மகள் இறந்துவிட்டாள் என்று மலீட்டாதான் சொன்னாள். கூட்டம் கிளம்பிய மறுநாளே. மலேரியாதான், நேரத்துக்கு மருந்து கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று பிறகு வந்த புது ஊழியர் சொன்னாராம். எனெலேசி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்திருந்ததை நினைத்துப் பார்த்தாள். சில்லென்ற சின்னக் கை. அன்று முழுவதும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு நாள் லைட்டோனி மூங்கில் கட்டோடு வந்து வாசலில் நின்றான். பெட்ரோல் வாடை அடிப்பதுபோல அவளுக்குத் தோன்றியது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூங்கிலை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. அவன் போன பிறகும் வெகுநேரம் அவள் கதவைத் திறக்கவில்லை. அந்த மூங்கிலில்தான் புதுக் கொட்டகை எழுந்தது. அதைக் கட்ட அவனும் வந்தான். அவள் அவனோடு பேசவில்லை. அவனும் அவளைப் பார்த்துப் பேசவில்லை. பிள்ளைகளின் பக்கம் மட்டும் அவ்வப்போது பார்ப்பான், உடனே பார்வையைத் திருப்பிக்கொள்வான்.

சில வருஷம் கழித்துத் தமாண்டாவுக்கு அரசாங்க விடுதிப் பள்ளியில் இடம் கிடைத்தது. சேரவேண்டிய வாரம் பார்த்துப் பெருமழை. பாலம் உடைந்து பஸ் நின்றுவிட்டது. தார்ச்சாலையைப் பிடித்து, சுற்றுப் பாதையில் சைக்கிளில் போனால்தான் உண்டு. அந்தச் சேற்றில் அவ்வளவு தூரம் மிதிக்கக்கூடியவன் ஊரில் ஒருவன்தான். காலையில் அவனே வந்து நின்றான்.

"நான் கொண்டுபோய் விடறேன்."

எனெலேசி வாசலை மறித்து நின்றாள். "வேண்டாம். அடுத்த வருஷம் போகட்டும்" என்றாள்.

"அம்மா, அடுத்த வருஷம் இடம் குடுக்க மாட்டாங்க" என்றாள் தமாண்டா. தகரப்பெட்டியைச் சைக்கிளின் பின்னால் வைத்துக் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

எனெலேசி அன்றுதான் முதல் தடவையாக லைட்டோனியின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள். நரைத்திருந்தான். என்னவோ சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தாள். வந்தது இதுதான்: "மெதுவாப் போ. மேட்டுல இறங்கித் தள்ளிக்கிட்டுப் போ."

"சரிக்கா."

சைக்கிள் கிளம்பியதும் கூடவே ஓடினாள். சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்து, தேயிலைத் தோட்டத்து வளைவு வரைக்கும் ஓடினாள். பிறகு வீட்டுக்கு வந்து எந்த வேலையும் ஓடாமல் சாலையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். மலீட்டா வந்து கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. என்னென்னவோ காட்சிகள் கண்முன் வந்தன. ஆறு, புதர், புகை. மதியம் போய், வெயில் தாழ்ந்து, ஆடுகள் திரும்பிய பிறகுதான் அவன் வந்தான். முழங்கால்வரை சேறு. மூச்சு வாங்கியது.

"சேர்த்துட்டேன்க்கா. விடுதி வாசல்ல இறக்கி விட்டேன். உள்ளே போறவரைக்கும் நின்னு பார்த்துட்டுத்தான் வந்தேன். பெட்டியை அங்க ஒரு டீச்சர் வாங்கிக்கிட்டாங்க."

எனெலேசி உள்ளே போய்த் தண்ணீர் மொண்டுவந்தாள். கிண்ணத்தை அவன் கையிலேயே கொடுத்தாள். அவன் நின்றபடியே குடித்துவிட்டு, கிண்ணத்தைக் கவிழ்த்துவைத்துவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான்.